ஓர் ஆணிகூட மாற்றாத கார்

24 ஏப்ரல் 2025, வியாழன்

சவிரிமுத்து அண்ணையின் பெஜோ 404க்கான விண்ணப்பம் நேற்று மாலை பிரெஞ்சுப் பழைய வாகனக் கூட்டமைப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தகவல் தந்தவன் அவருடைய மகன் யூலியன். கிடைத்தது என்று கூட்டமைப்பு அனுப்பிய மின்னஞ்சலை அவனுடைய கைபேசியில் நானே வாசித்தேன்.

பழைய வாகனம் ஒன்று மாறாமல் காக்கப்பட்டிருக்கிறது என்று சான்று கொடுப்பது அந்தக் கூட்டமைப்பு. சான்று கிடைத்தால் 'சேகரிப்பு வாகனம்' என்று புதிய கார்த் கிறிஸ் எடுக்கலாம். அந்தப் பதிவுப் பத்திரம் இருந்தால்தான் 1967இல் செய்த ஒரு கார் வார நாட்களில் பகலில் பாரிசுக்குள் வரலாம், சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம். காரோடு வந்தால் வேலை தருவதாக ஒரு சுற்றுலா நிறுவனம் யூலியனுக்குச் சொல்லியிருக்கிறது. காப்புறுதி அலுவலக வேலையை விடுவதாக அவன் கடிதம் கொடுத்துவிட்டான். கடைசி நாள் யூன் 30.

இணைப்புகள் ஒன்பது. ஏழாவது என்னுடையது: 2014 மே மாதம் எங்கள் வாரப் பத்திரிகையின் கலியாணச் சிறப்பிதழில் வந்த அரைப்பக்கக் கட்டுரை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் வட்ட முத்திரையோடு. 'இந்தக் காரில் ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை' என்ற வரிக்கு யூலியன் மஞ்சள் பூசியிருந்தான்.

"மாமா, மற்றதெல்லாம் படம். இதுதான் உண்மையான ப்ரூவ்," என்றான். அவனுக்கு அதுதான் ஆதாரம்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று பேசினோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பழைய கார் மோகம் எப்படி மாறி வந்தது என்று கோடை இதழுக்கு நாலு பக்கம் கேட்டிருக்கிறார் ஆசிரியர் ராதாகிருஷ்ணன். இந்தக் காரிலிருந்தே தொடங்கலாம்.

27 ஏப்ரல், ஞாயிறு

பாரிசுக்கு வெளியே எபினேக்குப் போனேன். கார் நிற்கும் வாடகைக் கராஜ் அங்கேதான். யூலியன் பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினான். அவனுடைய பழைய கார்ச் சங்கத்தில் ரயர் வால்வின் மூடிகூட அந்த வருடத்ததாக இருக்க வேண்டுமென்று சந்தை சந்தையாகத் தேடுகிறார்களாம். சார்செலில் அவனோடு படித்தவர்கள் வேறு கூட்டம். கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சின் பூட்டி, தெரு அதிர ஓட்டுகிறவர்கள். இன்னொருவன் எஞ்சினையே கழற்றி எறிந்துவிட்டு மின்கலம் வைக்கிறான். ஒருவர் செய்வதை மற்றவர் கார்க் கொலை என்கிறார்.

"பப்பா, ஹொட் ரொட் எண்டால் பழைய காருக்கு வேறை எஞ்சின், வேறை சாமான் எல்லாம் போட்டு ஓடுறது," என்று தகப்பனுக்கு விளங்கப்படுத்தினான்.

"அப்ப மன்னாரிலை நாங்கள் எல்லாரும் அதுதானேடா. பேர்தான் தெரியாமல் இருந்திட்டம்."

அண்ணை மன்னாரில் வாடகைக்கு ஹயர் ஓடியதும் ஒரு 404தான். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோல். காபரேற்றர் ஒரு வண்டியுடையது, ரேடியேற்றர் இன்னொன்றுடையது. "மாத்தாத காரெல்லாம் வேலிக்குள்ளை நிண்டது, தம்பி. மாத்தினதுதான் ஓடினது." நல்ல வரி. குறித்துக்கொண்டேன்.

யூலியன் கோப்பி வாங்கப் போன இடைவெளியில் அண்ணை குரலைத் தணித்தார். கையிலிருந்த துணியால் ஏற்கெனவே பளபளத்த மட்காட்டைத் துடைத்தபடி,

"இந்த முறை எழுதேக்கை எஞ்சினைப் பற்றி ஒண்டும் எழுதாதையுங்கோ."

ஏன் என்று கேட்பதற்குள் யூலியன் வந்துவிட்டான்.

29 ஏப்ரல், செவ்வாய்

ஏன் எழுத வேண்டாம்?

2 மே, வெள்ளி

என் பழைய குறிப்புப் புத்தகங்கள் சப்பாத்துப் பெட்டிகளில், அலுமாரியின் மேல் இருக்கின்றன. கதிரையில் ஏறி நின்று தேடினேன். மனைவி சாரதாதேவி கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தால் அதையும் எழுதி வையுங்கோ. எத்தினை மணிக்கு, எந்தக் கால் எண்டு."

2014 மே புத்தகம் மூன்றாவது பெட்டியில் இருந்தது. சவிரிமுத்து அண்ணைக்கு நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்தில்:

'எஞ்சின் 504. பழைய இரும்புக் கடையில் எடுத்தது. 1999. தானே இறக்கி, தானே ஏற்றியது. எஞ்சின் தூக்கச் செயின் புளொக் இரவல். நாலு ஞாயிறு. உதவி இல்லை.' கீழே இரண்டு கோடு.

இரண்டு கோடு போடுவது, இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பதற்கு.

அப்படியானால் எனக்குத் தெரியும். அவர் ஒளிக்கவில்லை. சொன்னார், நான் குறித்தேன், இரண்டு கோடும் போட்டேன் — பிறகு ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை என்று எழுதினேன்.

எப்படி? கதிரையில் உட்கார்ந்து யோசித்தேன். மெல்ல மெல்ல வந்தது. அதற்கு முந்திய வருடம் வரை எங்கள் கலியாணங்களுக்குப் புது மெர்சிடிஸ்தான், ரிபன் கட்டி. திடீரென்று பெண் பிள்ளைகள் பழைய காரைக் கேட்கத் தொடங்கினார்கள். படத்துக்கு அழகாம். இங்கே ஒரு தமிழரிடமே அப்படி ஒரு கார் இருக்கிறது என்பதுதான் புதினம். முதல் பிரதியில் எஞ்சின் கதை இருந்தது. ராதாகிருஷ்ணன் வாசித்துவிட்டு, "எஞ்சின் மாத்தின கார் எண்டு போட்டால் ஆர் பொம்பிளையை ஏத்துவினம்? அதைத் தூக்குங்கோ," என்றார். தூக்கினேன். தூக்கிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. அதை அடைக்க ஒரு வரி எழுதினேன்.

அவர் தூக்கத்தான் சொன்னார். அந்த வரி என்னுடையது.

மறந்துபோனேனா? மறந்தது மாதிரித்தான் இருக்கிறது. மாதிரி என்ற சொல் ஒரு நிருபருக்குப் போதாது.

4 மே, ஞாயிறு

பூசை முடிந்து வந்த அண்ணையை மறித்து, தேத்தண்ணிக் கடையின் பின்மேசையில் உட்கார வைத்தேன்.

"எஞ்சின் 504தானே, அண்ணை?"

"ஓம்."

"யூலியனுக்குத் தெரியாதோ?"

"அவனுக்கு எப்பிடித் தெரியும்? மேல்மூடி பழையதைத்தான் போட்டனான். பாக்கிறவைக்கு ஒண்டும் விளங்காது. அவன் காரைத் துடைப்பான், ஓடுவான். திறந்து வேலை செய்யிறது நான்தான்."

"பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பேப்பரிலை வந்திட்டுது. நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? நான் உங்களிட்டை எல்லாம் சொன்னனான். நீங்கள் விட்டிட்டியள். படிச்ச மனுசன், ஏதோ காரணத்தோடைதான் விட்டிருப்பார், அது சொல்லக்கூடாத விசயமாக்கும் எண்டு இருந்திட்டன். வீட்டிலை புஸ்பராணி அதைப் பிறேம் போட்டுக் கொழுவினவ. வாற சனமெல்லாம் வாசிச்சுது. பிறகு நானும் சொல்லத் தொடங்கினன், ஒரு ஆணியும் மாத்தேல்லை எண்டு."

தேத்தண்ணியை ஒரே வாயில் குடித்தார். "மூண்டு நாலு வருசத்திலை எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது."

அந்த 'மாதிரி' மறுபடியும்.

9 மே, வெள்ளி

கூட்டமைப்பிடமிருந்து ஒன்றுமில்லை. படங்களில் பழைய மேல்மூடிதான் தெரிகிறது. கேள்வி கேட்காமல் சான்று கொடுத்தாலும் கொடுக்கலாம். அப்படி நடந்தால் என் பொய் அரசாங்கப் பத்திரத்தில் ஏறிவிடும். பிறகு ஒரு நாள் விபத்து என்று வந்தால் — காப்புறுதிக்காரர் எஞ்சினைத் திறந்து பார்த்தால் — ஓட்டியவன் யூலியன். அதுவும் காப்புறுதியில் வேலை செய்தவன். தெரிந்தே செய்தான் என்பார்கள்.

சான்று கிடையாமல் போனால் அவனுக்கு வேலை இல்லை.

சாரதாதேவியிடம் சொன்னேன். மரக்கறி வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். "பொய் எழுதினது நீங்கள். நீங்கள்தான் பெடியனிட்டைச் சொல்லவேணும். அந்த மனுசனைக் கொண்டு சொல்லுவிச்சுப்போடாதையுங்கோ."

13 மே, செவ்வாய்

போனேன். அண்ணையின் வீட்டில் அவருடைய மனைவி புஸ்பராணி அக்கா கதவைத் திறந்து, "வாங்கோ, பேப்பர்காரர்!" என்றார். சுவரில் என் கட்டுரை, கண்ணாடிக்குள். யூலியன் இன்னும் வேலையால் வரவில்லை. பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

16 மே, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

22 மே, வியாழன்

காலை பத்தே காலுக்கு யூலியன் தொலைபேசி எடுத்தான். கூட்டமைப்பு மேலும் ஒரு படம் கேட்டிருக்கிறது: எஞ்சினின் பக்கத்தில் அடித்திருக்கும் இலக்கத் தகடு, கிட்டவிருந்து எடுத்தது. முப்பது நாள் தவணை.

"சே ரியன், ஒண்டுமில்லை, மாமா. எல்லாரிட்டையும் கேக்கிறவைதான். பப்பாட்டைப் படம் எடுக்கச் சொன்னனான். மழை எண்டு சொல்லுறார்."

"கார் கராஜுக்குள்ளைதானே நிக்குது?"

"அதைத்தான் நானும் கேட்டனான்." சிரித்தான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மனுசனை மழையைச் சாட்டுச் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தது நான்.

24 மே, சனி

சொல்லிவிட்டேன்.

ஏயோல் பூங்காவில், தண்டவாளப் பக்கத்து வாங்கில், மாலை நான்கு மணிக்கு. குறிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அவன் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பான். 'நாலு ஞாயிறு' வரை விரலை வைத்து வாசித்தான். பிறகு தொடக்கத்துக்குப் போய் மறுபடியும் வாசித்தான்.

எழுந்து கத்துவான் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பத்தைப் பற்றி, வேலையைப் பற்றி. அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

அவன் பிரெஞ்சில் பேசினான். நினைவிலிருந்து தமிழில் குறிக்கிறேன்:

"என் அப்பா இருபத்தைந்து வருடம் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ஆறு நாள் கழுவிவிட்டு, ஏழாம் நாள் ஓர் எஞ்சினைத் தனியாக இறக்கி, இன்னொன்றை ஏற்றியிருக்கிறார். அவர் செய்த அந்த ஒரு காரியத்தை வெட்டி எறிந்துவிட்டு, எதையும் தொடாத மனிதர் என்று எழுதினீர்கள். அதைத்தான் நாங்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்."

புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து போனான்.

27 மே, செவ்வாய்

யூலியன் எடுக்கவில்லை. மூன்று முறை.

ராதாகிருஷ்ணனிடம் போனேன், திருத்தம் போட வேண்டுமென்று.

"பதினொரு வருசத்துக்குப் பிறகோ? அந்தப் பேப்பரிலை கறி மிளகாய் சுத்தி முடிஞ்சுது, வாமதேவன்."

"ஒரு வீட்டிலை அது சுவரிலை இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எஞ்சினைத் தூக்கச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு நினைவு வந்ததா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. "ரெண்டாம் பக்கம். ஏழு வரி. கூடாது."

1 யூன், ஞாயிறு

ஏழு வரியை ஆறு தடவை எழுதினேன். நாலு பக்கக் கட்டுரை இவ்வளவு பாடுபடுத்தியதில்லை. அச்சில் வந்தால் கலியாணத்துக்கு யாரும் காரைக் கூப்பிட மாட்டார்கள். அது அண்ணைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயமா? வெள்ளிக்கிழமை தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "போடுங்கோ" என்றார்.

6 யூன், வெள்ளி

வந்துவிட்டது. இரண்டாம் பக்கம், கீழ்மூலை. ஒட்டி வைக்கிறேன்.

'திருத்தம்: திரு. சவிரிமுத்துவின் பெஜோ 404 காரில் ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை என்று 2014 மே இதழில் எழுதியிருந்தோம். அது பிழை. 1999இல் அவர் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒருவர் உதவியுமின்றி, 504 வகைக் காரின் எஞ்சினைத் தன் கையால் அதில் பொருத்தினார். இதை அவர் அப்போதே எங்களுக்குச் சொல்லியிருந்தார். எழுதாமல் விட்டது நிருபர் வாமதேவனின் தவறு.'

கடைத்தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். அல்லது அவசரமாகப் போனார்கள். தெரியாது.

8 யூன், ஞாயிறு

அண்ணையின் தொலைபேசி.

"வாசிச்சனான், தம்பி. ஒரு பிழை இருக்கு."

திருத்தத்திலும் பிழையா?

"நாலு ஞாயிறு இல்லை. அஞ்சு."

"அப்ப நாலெண்டுதானே சொன்னியள்?"

"ஓம். அஞ்சாவது குருத்தோலை ஞாயிறு. பூசைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுக் கராஜுக்குப் போனனான். குருத்தோலையை ஒரு மனுசனிட்டை வாங்கிக்கொண்டு வீட்டை போனன். புஸ்பராணிக்குத் தெரியாது. நாலெண்டே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: ஐந்து.

10 யூன், செவ்வாய்

அண்ணை சொன்ன செய்தி: யூலியன் கூட்டமைப்புக்கு எழுதிவிட்டான். ஏழாம் இணைப்பைத் திரும்பப் பெறுவதாக, எஞ்சின் வேறு என்று. காப்புறுதிக்கும் அறிவித்திருக்கிறான். முடிவு தெரியும் வரை கார் தெருவில் இறங்காது. இரண்டு கலியாணங்களுக்கு வேறு கார் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் அவன் இன்னும் பேசவில்லை.

16 யூன், திங்கள்

நேற்று நடந்தது. அண்ணை விவரித்தபடி.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் மகனைக் கட்டடத்தின் நிலவறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அரிசிச் சாக்குகளுக்கும் பழைய தொட்டிலுக்கும் பின்னால், கம்பளி சுற்றிக் கயிறு கட்டிய ஒன்று. காரோடு வந்த எஞ்சின். "சிலிண்டர்த் தலை வெடிச்சதெண்டு கழட்டினனான். எறிய மனம் வரேல்லை. பிறகு அது கிடக்கிறதே மறந்துபோச்சு."

யூலியன் கைபேசி விளக்கைப் பிடித்துத் தகட்டைத் துடைத்தானாம். இலக்கம் தெளிவாக இருக்கிறதாம்.

"ஏசினவனோ, அண்ணை?"

"ஏசேல்லை. தனிய என்னெண்டு இதைக் கீழை இறக்கினனீங்கள் எண்டு கேட்டான். சொல்லிக் காட்டினன். ஒரு மணித்தியாலம் நிண்டு கேட்டவன்."

30 யூன், திங்கள்

அவனுடைய கடைசி வேலை நாள் இன்று.

11 யூலை, வெள்ளி

கூட்டமைப்பின் கடிதம். பிரதியை அண்ணை தந்தார். விண்ணப்பம் தள்ளப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரின் சொந்த எஞ்சினை மறுபடி பொருத்தி, தகட்டின் படத்தோடு அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். சுற்றுலா நிறுவனம் ஒக்டோபர் முதலாம் திகதி வரை பொறுக்கிறது. இதை யூலியன் வாயால்தான் அறிகிறேன். இன்று அவனே தொலைபேசி எடுத்தான். குரல் வேலை நேரக் குரல். "மாமா, 2014 புத்தகக் குறிப்பிலை கியர்பொக்ஸ் பற்றி ஏதும் இருக்கோ?" இருக்கவில்லை. ஆனால் கேட்டான்.

அண்ணைதான் சோர்ந்துபோயிருக்கிறார். "இருபத்தாறு வருசம் ஒரு நாள் என்னை வழியிலை விடாத எஞ்சின். அதை இறக்கோணுமாம், வெடிச்சதை ஏத்தோணுமாம். உங்கடை காலத்துக் கணக்கு எனக்கு விளங்கேல்லைத் தம்பி. அப்ப ஓட வைச்சவன் கெட்டிக்காரன். இப்ப தொடாதவன் கெட்டிக்காரன்."

"வேறை மெக்கானிக்கை..."

"கையை வைக்க விடமாட்டன். இறக்கிறதெண்டால் நான்தான்."

அறுபத்தெட்டு வயது. செயின் புளொக். எனக்கு இது வேறு பயம்.

17 ஓகஸ்ற், ஞாயிறு

எபினே. வெடித்த தலைக்குப் பதில் அதே வருடத்துத் தலை ஒன்றைச் சார்செல் கூட்டத்தில் ஒருவன் தேடிக் கொடுத்திருக்கிறான், கூரை வெட்டுகிறவன். சங்கத்தார் தேடியும் கிடைக்காதது அவனிடம் இருந்திருக்கிறது. கோடை இதழில் என் கட்டுரை அவனோடுதான் முடிந்திருக்க வேண்டும். இதழ் போன மாதமே வந்துவிட்டது.

அண்ணை கீழே படுத்திருந்தார், யூலியன் சங்கிலியைப் பிடித்திருந்தான். "விடு. விடடா. நில்! உனக்கு நில் எண்டால் விளங்காதோ? அரெத்!" என்று பிரெஞ்சிலும் கத்தினார். நான் வாசலில் நின்றேன். ஒவ்வொரு 'நில்'லுக்கும் கதவைப் பிடித்தேன். இறக்கிய 504 எஞ்சினைப் பலகையில் வைத்து, மற்றதைச் சுற்றியிருந்த அதே கம்பளியால் அண்ணை சுற்றினார். கயிற்றின் முடிச்சை மூன்று தடவை சரி பார்த்தார்.

7 செப்டெம்பர், ஞாயிறு

அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். சாரதாதேவியும் வந்தாள்.

சுவரில் என் 2014 கட்டுரை அதே இடத்தில் இருக்கிறது. கழற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதன் கீழே சின்னதாக இன்னொரு பிறேம். திருத்தம். ஏழு வரி.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் 'நாலு' என்ற சொல் நீலப் பேனாவால் வெட்டப்பட்டு, மேலே 'ஐந்து' என்று எழுதியிருந்தது. அண்ணையின் எழுத்தில்லை.

புஸ்பராணி அக்கா கறிச் சட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்டைக்குக் கொண்டு வந்த குருத்தோலையிலை கிறீஸ் பூசிக் கிடந்தது," என்றார். "பேப்பர்காரர் ஆக்களிட்டை வடிவாக் கேட்டு எழுதவேணும்."

மேசையில் அண்ணை சோற்றைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூலியன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தான்.

நிலைமை இன்றைக்கு இப்படி: சொந்த எஞ்சின் காரில் ஏறிவிட்டது, இன்னும் கிளப்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு 14ஆம் திகதி, பூசைக்குப் பிறகு. தகட்டின் படம் வியாழன் அன்று போய்விட்டது. போய்ச் சேர்ந்த மின்னஞ்சலை யூலியனின் கைபேசியில் பார்த்தேன். கூட்டமைப்பின் பதில் வரவில்லை. செப்டெம்பர் 26க்குள் தருவதாக எழுதியிருக்கிறார்கள்.